மூன்றாம் நம்பர் காது

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் விட்டுவிட்டேன். சோம்பல் ஒரு காரணம். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன் எழுதினால் எத்தனை எழுத்துப் பிழை வரும் என்ற பயம் இன்னொன்று. நிறுத்தினேன் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். நான் வராமல் போனதைப் பள்ளிக்கூடம் கவனிக்க இரண்டு மாதம் ஆனது. உண்மையான காரணம் இதெல்லாம் இல்லை. இதில் நான் செய்த ஒரு காரியம் வருகிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் நான் நல்லவனாகத் தெரிவேன். சேர்த்து எழுதினால் என் கூட்டாளி ஒருவன் படிப்பான். இரண்டுமே எனக்கு வசதிப்படவில்லை.

எங்கள் தோட்டம் மலேசியாவில், கோல சிலாங்கூரைத் தாண்டி, சபாக் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. அப்போது லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஏழு தமிழ்க் குடும்பங்கள்தான். குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாக்காரர்கள். தமிழர்களில் வெட்டுக்குப் போனவர் ஒரே ஒருவர், என் கூட்டாளியின் அப்பா. நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் கிடையாது, பக்கத்து வீடு. அவர் வீட்டில் சாம்பார் கொதித்தால் என் வீட்டில் பசிக்கும், அந்த அளவு பக்கம்.

என் வேலை நம்பர் போடுவது. வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. வெட்டிய குலைகளைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்து, சாலையோர மேடையில் காம்பு வெளியே பார்க்கிற மாதிரி அடுக்கி வைப்பார்கள். காம்பின் வெட்டு வாயில் வெட்டியவரின் நம்பரைத் தடித்த கறுப்பு மார்க்கரால் நான் எழுத வேண்டும். பின்னாலேயே மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்து, யார் பழம் வெட்டியது, யார் காயை வெட்டித் தொலைத்தது என்று பார்ப்பார். மண்டோர் என்றால் எங்களை மேய்க்கிறவர்.

முதல் வாரம் ஒழுங்காக நம்பர் மட்டும் எழுதினேன். இரண்டாவது வாரம் அலுத்துவிட்டது.

மாமாவின் நம்பர் மூன்று. மாமாவுக்குக் காது பெரிது. ஹெல்மெட் போடும்போது இரண்டு பக்கமும் காதை மடித்து உள்ளே தள்ளித்தான் போட வேண்டும். ஒரு நாள் அவர் குலையில் மூன்று என்று எழுதிவிட்டுப் பார்த்தேன். அது அவர் காது. அப்படியே இருந்தது, வளைவு, நடுவில் அந்த மடிப்பு, எல்லாம். காது கிடைத்த பிறகு மீதி ஆள் தானாக வந்தார். தாடைக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. காதோடு சேர்த்து ஐந்தே இழுப்பு. மேடையில் பதினைந்து மாமா வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் தனியாக நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அடுத்தது ஏழாம் நம்பர். லொம்போக் தீவுக்காரர், மூக்கு நீளம். ஏழு என்று எழுதினால் அதுவே மூக்கு. ஐந்தாம் நம்பருக்குத் தொப்பை. இரண்டாம் நம்பருக்கு முன்னால் வந்து நிற்கும் உதடு. ஒருவரையும் விடவில்லை.

மண்டோர் மோட்டாரை நிறுத்தி மேடையை முறைத்தார்.

“என்னடா இது? நம்பர் போட சொன்னா கார்ட்டூன் போட்டு வெச்சிருக்க.”

“நம்பர் உள்ளதான் மண்டோரே இருக்கு. காத பாருங்க.”

“எங்கடா காது?”

“இதான். மூனு.”

அவர் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. மண்டோர்கள் வேலை நேரத்தில் சிரிப்பதில்லை. ஆனால் மறுநாள் மோட்டாரை விட்டு இறங்காமலேயே, “இது மூனு, இது ஏழு, இது தொப்ப” என்று சொல்லிக்கொண்டே போனார். கண் மங்கிப்போயும் கண்ணாடி போட மாட்டேன் என்கிற மனிதர். தூரத்திலிருந்தே ஆள் தெரிந்தது அவருக்கு வசதியாகிவிட்டது. திட்டு அதோடு நின்றது.

பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த எதையும் யாரும் சரி என்று சொன்னதில்லை. மாம்பழம் வரையச் சொன்னால் தலைமையாசிரியர் சாயலில் மாம்பழம் வரும். வேண்டுமென்று செய்வதாக நினைத்து அடி போட்டார்கள். பாதி நாள் வேண்டுமென்றுதான் செய்தேன். மீதி நாள் கை அப்படித்தான் போனது. நேர்க்கோடு என் கைக்கு வராது. காம்பில் அது ஒரு குறையாக இல்லை. காம்பு ஈரமாக இருக்கும், முழுக்க நார். பேனாவின் முனை நாரில் சிக்கி அது போகிற பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நேராகப் போடப் பார்த்தால் பேனா மூச்சை விட்டுவிடும். அது இழுக்கிற பக்கமே கூடப் போனால் ஒரு மூக்கு கிடைக்கும், ஒரு கன்னம் கிடைக்கும். அழித்து எழுத முடியாது. ஈரம் மையைக் குடித்துவிடுவதற்குள் ஐந்து இழுப்பில் ஆள் வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்த காம்பு. நான் எதையும் கற்றுக்கொண்டதாக அப்போது நினைக்கவில்லை. வேலைக்கு ஆசையாகப் போனேன், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் காலை ஐந்தரைக்கு ஆசையாக எழுந்தவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

மாமாவுக்கு என் மேல் கோபம் கிடையாது. பழி வாங்குகிற திட்டம்தான் இருந்தது.

“டேய், ஒரு நாளு பேனாவ என்கிட்ட குடு. ஒன் மூஞ்சிய நான் போடுறேன். காம்பு பத்தாது ஒன் வாய்க்கு.”

“காது பத்துமா மாமா?”

“போடா, ஒங்கப்பன் காத விட சின்னதுதான்.”

என் கூட்டாளி கோல சிலாங்கூரில் டயர் கடையில் வேலை செய்தான். சாயந்தரம் கை முழுக்கக் கறுப்போடு வருவான். வந்ததும் முதல் கேள்வி, “இன்னிக்கு எங்கப்பா எப்படி?” நான் போனில் எடுத்த படத்தைக் காட்டுவேன். ஒரு நாள் மாமா கோபமாக இருப்பார், ஒரு நாள் வாயில் பீடியோடு, மழை நாளில் தலையில் பிளாஸ்டிக் பையோடு. அவன் அதை வாட்சப் ஸ்டேட்டஸில் போட்டு, ‘தந்தையார் இன்று’ என்று கீழே எழுதுவான். அவன் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அதைப் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் திட்டுவார். திட்டிவிட்டுத் தன் போனுக்கு அனுப்பச் சொல்வார்.

ஒரு வருடம் போல இப்படிப் போனது. இனி அந்த நாள்.

முதல் நாள் கோயிலில் திருவிழா. மாமா ரதத்தோடு நடந்துவிட்டு, தூக்கம் இல்லாமல் வேலைக்கு வந்திருந்தார். காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது, அதாவது மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரத்தில், நின்றபடியே தூங்கினார். வாய் திறந்திருந்தது. மண்டோர் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை நான், “மூனாம் நம்பர் லீவு மண்டோரே, ஆளு மட்டும் வந்திருக்கு” என்றேன். எல்லாரும் சிரித்ததில் முழித்துக்கொண்டார்.

அன்று அவருக்கு உயர மரங்கள் இருக்கிற பக்கம். ஒன்பது மணிக்குள் பதினொரு குலை மேடைக்கு வந்துவிட்டது. பதினொன்றிலும் மாமாவைத் தூங்குகிற மாதிரி வரைந்தேன். காது, தாடை, மூக்கு, திறந்த வாய், மூடிய கண். சாயந்தரம் கூட்டாளியிடம் காட்ட வேண்டும் என்று போனில் படமும் எடுத்து வைத்தேன்.

பத்து மணி வாக்கில் மரங்களுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. ஓடினேன். எனக்கு முன்னால் ஏழாம் நம்பர்க்காரர் அங்கே இருந்தார். குலை அரிவாளிலிருந்து நழுவி, மட்டையில் பட்டு, திரும்பி விழுந்திருக்கிறது. மாமா விலகியிருக்கிறார், ஆனால் தப்பான பக்கம். கழுத்தில் விழுந்துவிட்டது. நாலு பேர் தூக்கினோம். வேன் வந்தது. நான் அவர் காதில் மாமா மாமா என்று கூப்பிட்டேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

வேனில் இடம் இல்லை. நான் மேடைக்கு நடந்து வந்தேன். எதற்கு வந்தேன் என்று தெரியாது. பதினொரு மாமா வரிசையாக உட்கார்ந்து, வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

சட்டையால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மை நாருக்குள் இறங்கிவிட்டால் போகாது, அது எனக்கே தெரியும். பாராங் கத்தியை எடுத்து வெட்டு வாயைச் சீவ ஆரம்பித்தேன். முதல் குலை. இரண்டாவது. மூன்றாவதைச் சீவும்போது மோட்டார் சத்தம். மண்டோர் என்று நினைத்தேன். என் கூட்டாளி. கடையில் யாரோ சொல்லி, நேராகத் தோட்டத்துக்கு வந்திருக்கிறான். வேன் வேறு வழியில் போய்விட்டது.

“எங்கடா அப்பா?”

“ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய்ட்டாங்கடா.”

“பேசினாரா?”

நான் மேடையை மறைத்து நின்றேன். அவன் மேடையைப் பார்த்தான். பிறகு என் கையில் இருந்த பாராங்கைப் பார்த்தான். கீழே சீவல்கள் கிடந்தன. ஒன்றில் பாதிக் காது தெரிந்தது.

“எப்ப வரைஞ்ச இத?”

“காலையில.”

“கண்ண மூடி வரைஞ்சிருக்க.”

“பெரட்டுல தூங்கிட்டாருடா. சும்மா வெளாட்டுக்கு…”

“இப்ப அதையும் வெட்டிகிட்டு நிக்கற.”

மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் வாய் திறந்து என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாமா வழியிலேயே போய்விட்டார்.

மதியம் லோரி வந்தது. யாரும் ஒன்றும் சொல்லாததால் வழக்கம்போல மேடையில் இருந்ததை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போய்விட்டார்கள். சீவாமல் விட்ட எட்டு முகத்தோடு. ஆலையில் குலையை முதலில் ஆவியில் அவிப்பார்கள். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று எழுதுகிறேன், ஆனால் இன்றைக்கும் ஆலை வாசனை வந்தால் சுற்றுவழியில்தான் போகிறேன்.

சாவு வீட்டில் விஷயம் எப்படியோ பரவியிருந்தது. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“சாமி செலைக்கே கண்ண கடைசில தொறக்கிறாங்க. உயிரோட இருக்கற மனுசன யாராச்சும் கண்ண மூடி வரைவாங்களா?”

“சின்ன பையன், தெரியாம செஞ்சிருப்பான்.”

“சின்ன பையனா? இருவத்தொன்னு ஆச்சு.”

எனக்கு அதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. மரம் உயரம், குலை கனம், ஆளுக்குத் தூக்கம். அவ்வளவுதான் நடந்தது. இருந்தாலும் ஒரு முறை இல்லை, பதினொரு முறை வரைந்திருக்கிறேன்.

எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. என்னிடம் இருந்ததோ வரைகிற கை மட்டும். அதனால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பதினாறாம் நாளுக்குள் மாமாவை ஒழுங்காக வரைந்து கொடுப்பது என்று முடிவெடுத்தேன். ஒழுங்காக என்றால் எல்லாரும் வரைகிற மாதிரி. சுங்கை பெசாரில் ஒரு புத்தகக் கடையில் பெரிய வெள்ளைத் தாளும் பென்சிலும் நல்ல ரப்பரும் வாங்கினேன். போனில் வீடியோ பார்த்துக் கட்டம் போட்டு வரைகிற முறையைப் பழகினேன். படத்தின் மேல் சின்னக் கட்டம், தாளில் பெரிய கட்டம், ஒரு கட்டத்தில் இருப்பதை இன்னொரு கட்டத்தில் அப்படியே போடுவது. மாமா தனியாக எடுத்த படம் அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான். அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பதினொரு நாள் வரைந்தேன்.

கண்ணைத்தான் முதலில் போட்டேன். கடைசியில் போட எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து வைத்துவிட்டுப் பிறகுதான் மற்றதை ஆரம்பித்தேன். காதுக்கு வந்தபோது கை நின்றது. படத்தில் இரண்டு காதும் முழுசாக விரிந்து நின்றன. இனிமேல் அவரைக் கிண்டல் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, மரியாதைக்காக இரண்டையும் சின்னதாக்கினேன். தாளில் பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. எதுவும் இழுக்கவில்லை, எதுவும் தடுக்கவில்லை. தப்பு வந்தால் ரப்பர் இருந்தது. அந்தப் பதினொரு நாளில் நான் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் சரி என்றும் நினைத்தேன்.

பதினாலாம் நாள் கொண்டு போய்க் கொடுத்தேன். அத்தை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எங்கேயாவது அவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று தேடுகிற மாதிரி இருந்தது.

“நல்லா இருக்குப்பா,” என்றார். கொஞ்சம் கழித்து, “சட்ட நல்லா வந்திருக்கு.”

என் கூட்டாளி உள்ளேயிருந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை. படத்தை எடுத்து ஒரு தடவை பார்த்தான். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி செருகினான். கோபமாகச் செய்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். குடையை மடித்து வைக்கிற மாதிரி வைத்தான்.

பதினாறாம் நாள் காரியத்தில் பூமாலை போட்டு வைத்திருந்தது அடையாள அட்டைப் படம்தான். கடையில் கொடுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். காது முழுசாக இருந்தது.

தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் இல்லையென்றால் லயத்து வீட்டை விட வேண்டும். மூன்று மாதத்தில் அவர்கள் புஞ்சாக் ஆலாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். அவன் அங்கே கிடங்கு ஒன்றில் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டேன். சாமான் ஏற்றும் நாளில் உதவிக்குப் போனேன். கட்டிலின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான். கதவு குறுகல், கொஞ்சம் சாய்த்துத் திருப்ப வேண்டும். அதற்குக்கூட அவன் வாயைத் திறக்கவில்லை. தலையால் காட்டினான். என் வீட்டு மெத்தையும் என்னோடு பேசாது, ஆனால் அது என்றைக்குமே பேசியதில்லை.

பிறகு அவனுக்கு வாட்சப்பில் எழுதினேன். மன்னிப்பு, நலமா, அத்தை எப்படி, தீபாவளி வாழ்த்து. எல்லாவற்றுக்கும் நீலக் கோடு வந்தது. படித்தான். பதில் வரவில்லை. என் நம்பரை பிளாக் செய்யவும் இல்லை. செய்திருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன்.

காம்பில் வரைவதை நிறுத்திவிட்டேன். நம்பர் மட்டும். மாமா போன பிறகு மூன்றாம் நம்பரை மண்டோர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டால், “மறந்துட்டன்டா” என்பார். முதல் வாரமே ஏழாம் நம்பர்க்காரர் மேடைக்கு வந்து தன் குலைகளை வரிசையாகப் பார்த்தார். “மானா முகா சாயா?” என்று மலாயில் கேட்டார். என் முகம் எங்கே என்று. நான் கையை விரித்தேன். அவர் மாமாவைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர். மேற்கொண்டு கேட்கவில்லை.

கட்டம் போட்டு வரைவது மட்டும் ஓடியது. அன்று அத்தை மடியில் படத்தைப் பார்த்த யாரோ சொல்லி, வேறு யாரோ கேட்டார்கள். கல்யாண ஜோடி, செத்துப்போன மாமியார், ஒருவருக்கு அவர் வளர்த்த நாய். எல்லாருக்கும் பிடித்தது. அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது என்றார்கள். போட்டோவைப் பார்த்து போட்டோ மாதிரி வரைந்ததற்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாருடைய முகமும் ஒரே மாவில் பிசைந்த மாதிரி இருந்தது. நாய் மட்டும் கொஞ்சம் உயிரோடு தெரிந்தது. நாய்க்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாததால் இருக்கும். அதை யோசித்தபோதுதான் ஏதோ இடறியது. ஆனாலும் அதையும் தள்ளிவிட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஏழாம் நம்பர்க்காரருக்கு வேலை அனுமதி முடிந்து ஊருக்குப் போகிற மாதம் வந்தது. கடைசி நாள் காலை. எட்டரை மணி இருக்கும். மேடையில் ஒரு குலையை எடுத்துத் தனியாக வைத்து, காம்பு வெட்டு வாயைத் தானே அழகாகச் சீவிக் கொடுத்தார். போனைக் காட்டினார். மகள் படம். ஒன்பது வயது, அதே மூக்கு. தன் முகத்தைப் போடச் சொன்னார், மகளுக்கு அனுப்ப வேண்டுமாம். நான் தாளில் வரைந்து தருகிறேன், நல்ல பென்சில் இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். காம்பைத் தட்டிக் காட்டினார். இதில்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு என்று எழுதினேன். நார் பேனாவைப் பிடித்துக் கீழே இழுத்தது. நான் கூடவே போனேன், மூக்கு உதட்டைத் தாண்டிப் போய் நின்றது. அதற்குக் கீழே வாய் வைக்க இடமே இல்லை. ஓரத்தில் ஒரு சின்ன வளைவு, இடம் கிடைக்காத வாய் மாதிரி. அவர் பார்த்தார். ஒரு சத்தம் போட்டார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். தொப்பைக்காரரைக் கூப்பிட்டார். தொப்பைக்காரர் தன் முகத்தையும் போடு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து, பழைய இடத்திலிருந்து வந்தது. உடனே மாமா ஞாபகம். சிரிப்பு நிற்கும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மேடையில் இருந்த குலைகளில் ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போனேன்.

அவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு காம்பு மிச்சம் இருந்தது. மூன்று என்று எழுதினேன்.

காதுக்குப் பிறகு மீதியைத் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தேடவில்லை. தேத்தண்ணி நேரத்தில் பீடிப் புகை ஏறும்போது மாமா ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, மறு கண்ணால் என்னைப் பார்ப்பார், அடுத்து என்ன உளறப் போகிறான் இவன் என்று. அந்த முகம். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து. ஐந்து இழுப்புக்குப் பதில் ஆறு ஆனது. அவரேதான். கட்டத்துக்குள் பதினொரு நாள் தேடியும் கிடைக்காத ஆள். நான் அவரைக் கிண்டல் செய்த ஒவ்வொரு நாளும் அவரை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மரியாதையாக வரைந்த நாளில்தான் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அன்று மேடைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். மண்டோர் மோட்டாரில் வந்தவர், தூரத்திலேயே மூன்றாம் நம்பரைப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

படம் எடுத்தேன். கூட்டாளிக்கு அனுப்ப எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். மன்னிப்பு கேட்டு எழுதியதெல்லாம் கட்டம் போட்டு வரைந்த மாதிரியே இருந்தது. கடைசியில் படத்தை மட்டும் போட்டு, கீழே ‘தந்தையார் இன்று’ என்று எழுதினேன். அவனுடைய வார்த்தை. அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. இந்தத் தடவை பிளாக் செய்துவிடுவான், அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நீலக் கோடு உடனே வந்தது. அன்று ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருந்தபோது போன் ஆடியது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரே ஒரு வரி.

“காது பத்தலடா.”